ரைமோவிடம் சொல்ல வேண்டிய சொல்

பிப்ரவரி கடைசியில், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ரைமோவுக்கு மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. உட்கார்ந்திருந்த முக்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தான். சற்றுத் தள்ளி வேறொரு துளையருகே இருந்தவர், ஆள் குனிந்து தண்ணீருக்குள் எட்டிப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். கையுறை தண்ணீரில் மிதப்பதைப் பார்த்த பிறகே ஓடிவந்தார். பனிவண்டியில் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

உயிர் பிழைத்துவிட்டான். வலது கையும் காலும் பாதிதான் அசைந்தன. முதல் வாரம் முழுக்கப் பேச்சே இல்லை. அடுத்த வாரம் வார்த்தை வார்த்தையாக வந்தது. ஆனால் வந்தது ஃபின்னிஷ் மட்டும். ஆங்கிலம் வரவில்லை. அது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்.

ஃபின்லாந்தில் வர்காவுஸ் போன்ற ஊரில் அறுபது தாண்டிய ஒரு ஆளுக்கு ஆங்கிலம் போனால் பெரிய நஷ்டமில்லை. ரைமோவின் விஷயம் வேறு. அவன் மனைவி நோரீன் அயர்லாந்துக்காரி. பாய்லர் பூட்டும் வேலையில் உலகம் சுற்றியவன் ரைமோ. லிமெரிக் பக்கம் ஒரு மின் நிலையத்தில் வேலை நடந்தபோது, தங்கியிருந்த விடுதியின் வரவேற்பில் அவளைப் பார்த்தான். கல்யாணமாகி அவள் இங்கே வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் இருவரும் பேசியதெல்லாம் ஆங்கிலம். நோரீன் மாலை வகுப்பில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். ஊரில் அவளிடம் பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லோரும் தங்கள் ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ளவே பேசினார்கள். அதனால் அவளுடைய ஃபின்னிஷ் கடையோடும் பஸ்ஸோடும் நின்றுபோனது.

ஆஸ்பத்திரிக்கு அவள் தினமும் வந்தாள். கட்டிலருகே உட்கார்ந்து அவன் இடது கையைப் பிடித்துக்கொள்வாள். அவன் ஏதோ கேட்பான், அவளுக்குப் புரியாது. அவள் ஏதோ சொல்வாள், அவன் ரேடியோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பான். வீட்டுக்கு அனுப்புவதைப் பற்றிப் பேச ஒரு நாள் குறித்தபோது, வார்டிலிருந்து பக்கத்து நகரமான குவோபியோவுக்குப் போன் போட்டு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள்.

வந்தவள் சிர்க்கா. ஐம்பதைத் தாண்டியவள். கோர்ட், ஆஸ்பத்திரி, ஒரு தடவை மாட்டு ஏலம் என்று எல்லா இடத்திலும் வாய்மொழியாக மொழிபெயர்த்திருக்கிறாள். அந்த வேலையின் முதல் விதி, பேசுபவர் 'நான்' என்றால் மொழிபெயர்ப்பவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும் என்பது. நேற்று நான் அழுதேன், என் மாடு செத்துவிட்டது, நான் குற்றவாளி இல்லை என்று எத்தனையோ பேருடைய வாக்கியங்களைச் சிர்க்கா தன் வாயால் சொல்லியிருக்கிறாள். சொன்னதும் மறந்துவிடுவாள்.

அறையில் காப்பி பிளாஸ்க்கும் ஏலக்காய் ரொட்டியும் இருந்தன. ரைமோ சக்கர நாற்காலியில். அவனுக்கு ஒரு பக்கம் நோரீன், இன்னொரு பக்கம் அவனுடைய அக்கா ஔனே. எதிரில் வார்டின் சமூகப் பணியாளர் வில்மா, சின்ன வயதுப் பெண். ஆஸ்பத்திரி ரொட்டியை நம்பாத ஔனே, மீன் பொதிந்த கறுப்பு ரொட்டியைத் துணியில் சுற்றி வீட்டிலிருந்தே கொண்டுவந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

வில்மா ஆரம்பித்தாள். "வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்றாரு. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ எங்க ஆளுங்க வந்து பாத்துக்குவாங்க. மத்த நேரம் கூட யாரு இருப்பீங்க?"

"யாரு இருப்பா? பொண்டாட்டி இருப்பா" என்றாள் ஔனே. "இதோ குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காளே."

சிர்க்கா இரண்டையும் நோரீனின் காதோரம் ஆங்கிலத்தில் சொன்னாள். குத்துக்கல்லையும் விடவில்லை. நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நாங்க செப்பரேட்டட்" என்றாள்.

சிர்க்கா வாயைத் திறந்து மூடினாள். ஃபின்னிஷில் இதற்கு இரண்டு வழிதான் உண்டு. 'எரொன்னேத்' என்று சொல்லலாம். சொன்னால் கேட்பவர்கள் கோர்ட்டு வரை போய் எல்லாம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். அடுத்த நிமிஷம் வில்மா நோரீனை வெளியே இருக்கச் சொல்ல வேண்டிவரும். உறவு அற்றுப்போனவர் முன்னால் நோயாளியின் உடம்பைப் பற்றிப் பேசக் கூடாது. இன்னொன்று 'எரில்லான்'. தனித்தனியாக என்று அர்த்தம். வெள்ளைத் துணியையும் கறுப்புத் துணியையும் தனித்தனியாகத் துவைப்பதற்கும் அதே சொல்தான்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு சந்தேகம் கேக்குறாங்க" என்று விதிப்படி தன்னையே வேறொரு ஆளாகச் சொல்லி, சிர்க்கா ஃபின்னிஷில் எல்லோருக்கும் பொதுவாக அறிவித்துவிட்டு நோரீன் பக்கம் திரும்பினாள். "விவாகரத்து ஆயிடுச்சுங்களா?"

"இல்ல. விண்ணப்பம்கூடப் போடல. செப்பரேட்டட். அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்களேன்."

"அந்த வார்த்தை இங்க இல்லைங்க."

"ஏன், இந்த நாட்டுல யாரும் அப்படி இருக்கறதில்லையா?"

"இருக்காங்க. அதுக்குப் பேருதான் இல்ல."

பிறகு சிர்க்கா நிமிர்ந்து உட்கார்ந்து ஃபின்னிஷில் சொன்னாள்: "நாங்க இன்னும் புருஷன் பொண்டாட்டிதான். ஆனா எரில்லான், தனித்தனியா இருக்கோம்."

ஔனே கத்தியை ரொட்டியில் குத்தியபடியே விட்டுவிட்டாள். "தனித்தனியாத்தான் இருப்பீங்க! அவன் ஆஸ்பத்திரில கெடக்கான், நீ டவுன்ல இருக்க. இதச் சொல்லவா குவோபியோலேர்ந்து ஆள் கூப்பிட்டீங்க?"

வில்மா சிரித்துவிட்டாள். ரைமோவும் வாயின் இடது பாதியால் சிரித்தான்.

"அவளுக்கு வகுப்பு முடிய நேரமாயிடும்" என்று ஔனே வில்மாவுக்கு விளக்கினாள். "ஏரிக்கரைல இருக்கற அவங்க வீட்டுப் பக்கம் கடைசி பஸ் சீக்கிரமே போயிடுது. அதனால டவுன்ல ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கா. ரைமோதான் எங்கிட்ட சொன்னான்."

"அப்போ கொஞ்ச நாளைக்கு நீங்க ஏரிக்கரை வீட்டுலயே இருந்துக்கலாம், இல்லையா?" என்று வில்மா நோரீனைக் கேட்டாள்.

சிர்க்கா மொழிபெயர்த்தாள். நோரீன் தலையசைத்து மறுத்தாள். சிர்க்காவின் குரலில் ஃபின்னிஷ் வந்தது: "இல்ல. நான் அந்த வீட்டுல வாழல. பஸ்ஸுக்காக இல்ல. ரைமோவோட வாழ முடியலன்னுதான் தனியா இருக்கேன்."

ரைமோ மெல்லத் தலையைத் திருப்பினான். நோரீனை அல்ல, சிர்க்காவைப் பார்த்தான். அவளுடைய முகத்தை, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை, மறுபடி முகத்தை.

"நீ..." என்றான். "எங்க வீட்ல... இருந்தியா?"

சிர்க்காவுக்கு இந்த வேலையில் இப்படி ஒன்று நடந்ததில்லை. அவள் பதில் சொல்லக் கூடாது. சொல்லவும் இல்லை.

"டேய், அவ இல்லடா!" என்றாள் ஔனே. "நோரீன் சொல்றா. இந்தம்மா வெறும் வாய்."

ரைமோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு நோரீனைப் பார்த்து, "வீட்டுக்கு" என்று மட்டும் சொன்னான். கிளம்பலாமா என்று மனைவியைக் கேட்கும் தொனி அது. கடந்த சில வருஷங்கள் அவன் நினைவில் ஓட்டையாகத்தான் இருக்கும் என்று டாக்டர் ஏற்கனவே சொல்லியிருந்தார். வில்மா பேனாவை மூடினாள். வியாழக்கிழமை வேண்டாம், அடுத்த வாரம் மறுபடி உட்காரலாம் என்றாள்.

வராந்தாவில் ஔனே சிர்க்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இவகிட்ட கேளு. எப்பலேர்ந்து?"

"போன இலையுதிர்காலத்துக்கு முந்தின இலையுதிர்காலம்" என்றாள் நோரீன், சிர்க்காவின் வழியாக.

"அதுக்கப்புறம் வந்த கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் ஒண்ணா என் வீட்டுக்கு வந்தீங்க. ஒரே தட்டுலேர்ந்து பன்னிக்கறி எடுத்துத் தின்னீங்க."

"ரைமோ வரச் சொன்னாரு. வந்தேன்."

"அப்போ எங்கிட்ட பொய் சொன்னது அவனா, நீயா?"

"நான் உங்ககிட்ட எதுவும் சொன்னதில்ல. எனக்கும் உங்களுக்கும் இதுவரைக்கும் பேச்சே நடந்ததில்லையே."

ஔனே கொஞ்ச நேரம் அதை யோசித்தாள். "அது சரிதான்" என்றாள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டாள். "பஸ்ஸாம் பஸ். என் தம்பி எங்கிட்டயே பஸ் விட்டிருக்கான்." அடுத்த வாரம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சிர்க்காவின் பஸ் வர நேரமிருந்தது. கீழே ஆஸ்பத்திரி காப்பிக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்தாள். யாருக்காக மொழிபெயர்க்கிறோமோ அவர்களோடு தனியாக உட்காரக் கூடாது என்பதும் ஒரு விதி. நோரீனுக்கு அந்த விதி தெரியாது. எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்க நாட்டுல விவாகரத்தே கெடையாது" என்றாள். "சட்டத்துலயே இல்ல. எங்க சித்தி பிரீட் ஆயுசுல பாதி செப்பரேட்டட். சர்ச்சுல இந்தப் பக்கம் அவ, அந்தப் பக்கம் சித்தப்பா. ஊரே வணக்கம் சொல்லும், ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. சித்தப்பா செத்தப்போ முதல் வரிசைல உக்காந்தது சித்திதான். அது ஒரு நெலமை. அதுல இருக்கலாம், வயசாகலாம், அதுலயே சாகலாம். ரைமோகிட்ட அந்த வார்த்தையச் சொன்னப்போ அவருக்குப் புரிஞ்சுது. இங்கிலீஷ்ல சொன்னேன்."

சிர்க்கா தலையசைத்தாள். அவளும் எரொன்னேத் வகைதான். விண்ணப்பம் போட்டு, சட்டம் யோசிக்கச் சொல்லும் ஆறு மாதத்தைக் கழித்து, மறுபடி போட்டு முடித்தவள். அந்த ஆறு மாதத்தில் தான் என்னவாக இருந்தோம் என்று யாரும் கேட்டதில்லை. அவளும் யோசித்ததில்லை. இதை அவள் நோரீனிடம் சொல்லவில்லை.

"நீங்க 'நான்'னு சொன்னதும் அவரு உங்களத்தான் பாத்தாரு" என்றாள் நோரீன். "உங்க வாயில வந்தா அது உங்க சமாச்சாரமாப் போயிடுது. அடுத்த வாரம் நானே சொல்லணும். ஒரு வார்த்தை குடுங்க."

"நான் எடுத்துக் குடுக்கக் கூடாதுங்க. எது சொன்னா என்ன அர்த்தம் ஆகும்னு வேணா சொல்றேன். எடுத்துக்கறது நீங்க."

சொன்னாள். நோரீன் ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். எரொன்னேத் அவள் நாக்கில் பல்வலிபோல வந்தது. எரில்லான் பரவாயில்லை. இரண்டையும் சொல்லிச் சொல்லி, இரண்டுமே பிடிக்காமல் சர்க்கரைப் பொட்டலத்தைக் கிழித்துக்கொண்டிருந்தாள். சிர்க்காவின் பஸ் வந்துவிட்டது.

அடுத்த வாரம் கூடிய அறை இன்னும் சின்னது. வில்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வரமாட்டேன் என்ற ஔனே எல்லோருக்கும் முன்னால் வந்து ஹீட்டர் பக்கத்து நாற்காலியைப் பிடித்திருந்தாள். சிர்க்கா இந்தத் தடவை தன் நாற்காலியை நோரீனுக்கு நேர் பின்னால் போட்டுக்கொண்டாள். குரல் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ரைமோவின் கண் நோரீனின் முகத்தில்தான் விழ வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

நோரீன் தன் நாற்காலியை முழங்கால் இடிக்கிற அளவுக்கு முன்னால் இழுத்தாள். ஒரு வாரமாகப் பழகியிருக்கிறாள் என்பது உதடு அசைந்ததிலேயே தெரிந்தது. 'நாங்கள்' என்பதற்கான சொல்லோடு ஆரம்பித்தாள். அதிலேயே நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி நின்றாள். ஔனே இருமினாள்.

பிறகு நோரீன் சொன்னது பழகிய வாக்கியம் அல்ல.

"மினா லாஹ்தின்" என்றாள்.

நான் போய்விட்டேன். பஸ் நிறுத்தத்தில் அவள் பத்தொன்பது வருஷமாகக் கேட்டுவந்த வினை. பஸ் போயிடுச்சா, இப்பத்தான் போச்சு. குழந்தைக்கும் தெரியும். சிர்க்கா அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ரைமோ மனைவியைப் பார்த்தான்.

"எப்போ?"

"இலை விழும்போது. போன வருஷம் இல்ல. முன்னாடி வருஷம்."

"நான்... எங்க இருந்தேன்?"

"வீடு. நீ வீட்டுல. நான் டவுன்ல."

அவன் இடது கையால் முகவாயைத் தேய்த்தான். "சண்டையா?"

"இல்ல."

"வேற... ஆளா?"

"யாரு வருவா?" என்றாள் நோரீன். ஔனேவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அப்போ ஏன்?"

நோரீனின் ஃபின்னிஷ் அங்கே தீர்ந்துபோனது. கண்ணை அவன் மேலிருந்து எடுக்காமல் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தாள். பின்னாலிருந்து சிர்க்கா, அவள் மூச்சு விடுகிற இடங்களில் மூச்சு விட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் தொடர்ந்தாள்.

"நீ வருஷம் முழுக்க வெளியூர்ல இருப்ப. மாசக்கணக்கா சிலி, மாசக்கணக்கா இந்தோனேசியா, நடுவுல கொஞ்ச நாள் வீடு. போன்ல தினம் பேசுவோம். அங்க என்ன சாப்பிட்ட, யாரு கால்ல குழாய் விழுந்துச்சு, எல்லாம் சொல்லுவ. வீட்டுக்கு வந்தா திருவிழா மாதிரி இருக்கும். அப்புறம் ஓய்வு வாங்கிட்டு மொத்தமா வந்த. எனக்கு எவ்வளவு சந்தோஷம். ஆனா ஒரே வீட்டுக்குள்ள வந்ததும் நமக்குப் பேச்சு நின்னுபோச்சு. நீ வெடியறதுக்குள்ள ஏரிக்குப் போவ, இருட்டினப்புறம் வருவ. ஒரு நாள் சூப் குடிக்கும்போது உப்பு கேட்ட. அந்த வாரத்துல நீ பேசினதே அதுதான். நமக்கு எப்படிப் பிரிஞ்சு இருக்கறதுன்னு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு, ரைமோ. கூட இருக்கத்தான் தெரியல. அதனால போனேன். உங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். நீ பெட்டியத் தூக்கிட்டு வந்து கார்ல வெச்ச."

'பிரிஞ்சு இருக்கறது' வந்த இடத்தில் சிர்க்கா எரொன்னேத்தும் எடுக்கவில்லை, எரில்லானும் எடுக்கவில்லை. 'ஒருத்தர் இங்க, ஒருத்தர் அங்க' என்று நீட்டிச் சொல்லிவிட்டாள். அது சரியா என்று யோசிக்க நேரமில்லை.

வில்மா ஒரு தடவை கடிகாரத்தைப் பார்த்தாள். அப்புறம் பார்க்கவில்லை.

"உப்பு..." என்றான் ரைமோ. "குடுத்தியா?"

"குடுத்தேன்" என்றாள் நோரீன், ஃபின்னிஷில்.

அவன் சிரித்தான். சிரிப்பு இடது பக்கம் மட்டும் ஏறியது. வலது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. அந்தக் கண்ணில் நோய் வந்த நாளிலிருந்தே தண்ணீர் வடிந்துகொண்டிருந்ததால், அதை யாரும் எதுவாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நோரீன் கைக்குட்டையால் துடைத்துவிட்டாள். அவன் தடுக்கவில்லை.

"ஔனே" என்று கூப்பிட்டான். "உனக்கு... நான் சொல்லலையா?"

"பஸ்ஸுன்னு சொன்னடா. கடைசி பஸ் சீக்கிரம் போயிடுதுன்னு."

"பஸ்" என்றான் ரைமோ. கொஞ்சம் யோசித்தான். "நல்ல... பொய்."

"எங்கிட்ட சொல்லியிருந்தா என்னடா பண்ணியிருப்பேன்? திட்டியிருப்பேன். அவ்வளவுதானே" என்றாள் ஔனே. அவள் குரல் வழக்கமான உயரத்தில் இல்லை. ரொட்டியை எடுத்து எல்லோருக்கும் வெட்டினாள். முதல் துண்டை நோரீனிடம் நீட்டினாள்.

வில்மா தொண்டையைச் செருமினாள். நோரீன் விஷயத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றாள்.

"பொண்டாட்டி" என்றான் ரைமோ. பிறகு திருத்தினான். "போன... பொண்டாட்டி."

"அவ செத்துட்டான்னு நெனச்சுக்குவாங்கடா!" என்றாள் ஔனே.

சிர்க்கா இதையும் ஆங்கிலத்தில் சொல்ல, நோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசியில் வில்மா 'மனைவி, வேறு முகவரி' என்று எழுதிக்கொண்டாள். அதன்பிறகு பேச்சு வேகமாக நகர்ந்தது. ஏரிக்கரை வீட்டில் அவனால் தனியாக இருக்க முடியாது. ஔனேவின் இடுப்பு எலும்பு அவனைத் தூக்கிவிடத் தாங்காது. சந்தை மைதானத்துக்குப் பின்னால், கூப்பிட்டால் ஆள் வருகிற குடியிருப்பில், தரைத்தளத்தில் ஒரு வீடு காலியாகப் போகிறது என்றாள் வில்மா. செவ்வாயும் வெள்ளியும் வருகிறேன், ராத்திரி தங்கமாட்டேன் என்றாள் நோரீன். ரைமோ "சரி" என்றான். ஞாயிற்றுக்கிழமையை ஔனே எடுத்துக்கொண்டாள். "நீங்க வார நாள்ல எப்படியாவது இருந்துக்குங்க" என்றாள்.

அவர்களுக்கு அதற்குமேல் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. வார்டிலிருந்து கூப்பிடவும் இல்லை.

ஜூன் தொடக்கத்தில் வேறொரு வேலையாகச் சிர்க்கா வர்காவுஸ் வந்தாள். மதியம் சந்தை மைதானத்தில் இறைச்சி வடை வாங்க வரிசையில் நின்றபோது, பக்கத்து நாற்றுக் கடையில் அவர்கள் இருவரும் நிற்பதைப் பார்த்தாள். ரைமோ நடக்க உதவும் கம்பிச் சட்டத்தைப் பிடித்திருந்தான். யாருக்காக மொழிபெயர்த்தோமோ அவர்களை வெளியில் பார்த்தால் தானாகப் போய் வணக்கம் சொல்லக் கூடாது. அவர்களாகப் பார்த்துப் பேசினால் பேசலாம். அவர்கள் பார்க்கவில்லை. பெரிய வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"பால்கனில உருளைக்கிழங்கு?" என்றாள் நோரீன். அவளுடைய ஃபின்னிஷ் முன்பைவிட வேகமாக இருந்தது, அதே அளவுக்குத் தப்பாகவும் இருந்தது. "பூ வை. மனுஷங்க பால்கனில பூ வைப்பாங்க."

"பூவ... திங்க முடியுமா?"

"உருளைக்கிழங்கு எப்ப வரும்? கிறிஸ்துமஸ்?"

"ஆகஸ்டு. சாக்குல... வெச்சா... வரும். உனக்கு என்ன தெரியும்?"

"நான் அயர்லாந்து. எனக்கு உருளைக்கிழங்கு தெரியாதா?"

"பேச்சுல... எல்லாம் தப்பு" என்றான் ரைமோ.

"நீ மட்டும்? ஒரு வார்த்தைக்கு அரை மணி நேரம்."

கடைக்காரப் பெண் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு விதைக்கிழங்குப் பையை எடுத்து மேஜையில் வைத்தாள். "உங்க பால்கனிக்குங்களா?" என்று நோரீனைக் கேட்டாள்.

"இல்ல, அவரோடது" என்றாள் நோரீன். "என்னுது வேற பால்கனி."

"அப்போ ரெண்டு பையாப் போடட்டுமா?"

"ஒண்ணு போதும். அவரு வெளைய வெப்பாரு. நான் திம்பேன்."